யாஷின்: பாய்ந்து பிடித்தவரா, பாய வேண்டியதே இல்லாமல் செய்தவரா?

பிப்ரவரி 4, மாலை 6.10 (கேள்வி)

சோவியத் கால்பந்து அணியின் லெவ் யாஷினை உலகின் தலைசிறந்த கோல்கீப்பர் என்கிறார்கள். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி ஓர் விருது வாங்கிய ஒரே கோலி, 150 பெனால்டி தடுத்தவர், பட்டப்பெயர் கறுப்புச் சிலந்தி. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பழைய படத்துண்டுகளில் பெரிய பாய்ச்சல் எதையும் காணோம். பிடிக்க வேண்டிய பந்தையும் குத்தி விடுகிறார். 1962 உலகக் கோப்பையில் கார்னரிலிருந்து நேராக ஒரு கோல் வாங்கியிருக்கிறார். பெயர்தான் பெரிது, ஆட்டம் அவ்வளவு இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

பிப்ரவரி 4, இரவு 9.45

பாய்ச்சல் குறைவு என்று நீங்கள் பார்த்தது சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. ஒரு கோலி பாய்கிறார் என்றால் பந்து அவரைத் தாண்டிப் போகும் வழியில் இருக்கிறது என்று அர்த்தம். யாஷினின் வேலை அதற்கு முந்தைய நொடிகளில் முடிந்துவிடும்.

கணக்காகவே பார்ப்போம். கோலின் அகலம் 7.32 மீட்டர். பெனால்டி பாக்ஸ் விளிம்பில், 16.5 மீட்டர் தூரத்தில், நட்டநடுவில் ஒருவர் பந்தோடு நிற்கிறார். கோலி கோட்டிலேயே நின்றால் முழு 7.32 மீட்டரையும் காக்க வேண்டும். 3 மீட்டர் முன்னால் வந்தால் அவர் நிற்கும் இடத்தில் அடைக்க வேண்டிய அகலம் 6 மீட்டராகக் குறைகிறது. 6 மீட்டர் வந்தால் சுமார் 4.65 மீட்டர். கைகளை விரித்துப் பக்கத்துக்கு ஓரடி வைத்தாலே பெரும்பகுதி அடைபட்டுவிடும். பாய எதுவும் மிச்சமில்லை.

இன்று இதைப் பள்ளிக்கூடப் பையன்களுக்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். 1950-களில் பெரும்பாலான கோலிகள் கோட்டை விட்டு அசைய மாட்டார்கள். யாஷின் பாக்ஸுக்கு வெளியேயும் ஓடிப் போய், பின்களத்தைத் தாண்டி வரும் நீளப் பந்தைக் காலால் உதைத்து அனுப்புவார், சில சமயம் தலையால் முட்டுவார். அவருடைய அணி டைனமோ மாஸ்கோ அப்போது ஆடியது மூன்று பேக் (பின்கள ஆட்டக்காரர்) வைத்த டபிள்யூ-எம் முறை. நடு பேக் கிரிஷெவ்ஸ்கி எதிரணி சென்டர் ஃபார்வர்டைத் துரத்தி முன்னே போனால் அவருக்குப் பின்னால் 20, 25 மீட்டர் வெறும் புல். அந்த இடத்துக்குக் காவல் யாஷின்தான்.

பிப்ரவரி 5, காலை 7.20

குத்துவது பற்றி எழுத விட்டுப்போனது. அதற்கு அந்தக் காலத்துப் பந்தைப் பார்க்க வேண்டும்.

தோல் பந்து. விதிப்படி எடை 14 முதல் 16 அவுன்ஸ், அதாவது 396 முதல் 453 கிராம். ஆனால் அந்த எடை ஆட்டம் தொடங்கும்போது இருந்தால் போதும் என்பதே விதி. மழையில் தோல் நீரைக் குடித்து எடை ஏறிக்கொண்டே போகும், அதைத் தடுக்க எந்த விதியும் கிடையாது. சேறு படிந்தால் சோப்புக்கட்டி போல வழுக்கும். இன்றைய ரப்பர் உள்ளங்கைக் கையுறையும் அப்போது இல்லை. துணி அல்லது தோல் கையுறை, இல்லாவிட்டால் வெறுங்கை.

இன்னொன்று, பந்தைக் கையில் வைத்திருக்கும் கோலியைத் தோளால் இடிப்பதை விதி அன்று அனுமதித்தது. 1958 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் போல்டனின் நாட் லோஃப்ட்ஹவுஸ், மான்செஸ்டர் யுனைடெட் கோலி ஹாரி கிரெக்கைப் பந்தோடு சேர்த்துக் கோலுக்குள் இடித்துத் தள்ளினார். நடுவர் கோல் கொடுத்தார். ஐரோப்பியக் கண்டத்து நடுவர்கள் இதில் கண்டிப்பானவர்கள் என்றாலும் இடி விழும் பயம் எங்கும் உண்டு. நாலு பேர் நடுவே எம்பி வழுக்கும் பந்தைப் பிடிக்கப் போய் நழுவவிட்டால் அது எதிரணியின் காலடியில் விழும். குத்தினால் 20 மீட்டர் தள்ளிப் போகும்.

குத்துவதிலும் முறை இருக்கிறது. வந்த திசையிலேயே திருப்பி அனுப்ப இரண்டு முஷ்டி, ஒட்டி வைத்து, முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும். பந்தை அதே போக்கில் மறுபக்கத்துக்குக் கடத்த ஒற்றை முஷ்டி. கட்டைவிரல் விரல்களுக்குள் மடங்கியிருக்கக் கூடாது, இருந்தால் உடையும். பந்தின் கீழ்ப்பாதியில் பட வேண்டும். மேல்பாதியில் பட்டால் பந்து நேரே இறங்கிப் பெனால்டி புள்ளி அருகே விழும், அது கோலி தானே எதிரணிக்குக் கொடுத்த பாஸ் மாதிரி. யாஷின் குத்தியவற்றைக் கவனியுங்கள், பெரும்பாலும் பக்கக்கோட்டை நோக்கியே போகும். நடுவே விழுவது அபூர்வம்.

பிப்ரவரி 5, காலை 7.35

'கறுப்புச் சிலந்தி' என்றாலும் அவர் உடை கறுப்பில்லை, கருநீலம். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிந்தது, பெயரும் அப்படியே நின்றுவிட்டது. டைனமோவின் நிறமே நீலமும் வெள்ளையும்தான்.

பிப்ரவரி 7, இரவு 10.05

முன்னால் வரும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு இடங்கள்.

ஒன்று, ஐஸ் ஹாக்கி. 1950-ல் டைனமோவின் முதல் கோலி அலெக்ஸெய் ஹோமிச். 1945-ல் பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் பாய்ந்து பாய்ந்து பிடித்து 'புலி' என்று பெயர் வாங்கியவர். அவர் இருக்கும்வரை யாஷினுக்கு இடமில்லை. கிடைத்த ஓரிரு வாய்ப்புகளும் வீணாயின. சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டம் ஒன்றில் ஸ்டாலின்கிராட் அணியின் கோலி நீளமாக உதைத்த பந்து காற்றில் வந்தது. அதைப் பிடிக்க ஓடிய யாஷின் தன் அணி பேக்குடனேயே மோதினார், பந்து உருண்டு கோலுக்குள் போனது. அதே ஆண்டு ஸ்பார்டக்குடன் நடந்த லீக் ஆட்டத்தில், ஹோமிச் காயம்பட்டு வெளியேற உள்ளே வந்தவர், மறுபடி தன் அணிக்காரருடன் மோதிக் கோல் விட்டார். பிறகு 1953 வரை அவருக்கு ரிசர்வ் அணிதான்.

அந்த இடைக்காலத்தில் டைனமோவின் ஹாக்கி அணியில் கோல் காத்தார், 1953-ல் சோவியத் ஹாக்கிக் கோப்பையும் வென்றார். ஹாக்கியில் கோல் 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம். வட்டு வரும் வேகத்தில் பார்த்துப் பாய நேரமே கிடையாது. முன்னே வந்து கோணத்தை அடைப்பது ஒன்றே வழி. உடம்பைத் தாழ்த்தி, எடையை முன்பாதத்தில் வைத்து நிற்கும் அவருடைய நிலை அங்கே படிந்தது என்பது என் கணிப்பு. 1954-ல் ஹாக்கியை விட்டார்.

இன்னொன்று, அந்த மோதல்களே. இரண்டு தடவையும் தவறு ஒன்றுதான். வெளியே வந்தார், ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. பிற்காலத்தில் ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்த கோலி அவர்.

ஹோமிச் ஆட்டத்தை விட்டபின் விளையாட்டுப் புகைப்படக்காரர் ஆனார். கோலுக்குப் பின்னால் கேமராவோடு உட்கார்ந்து, தன் இடத்துக்கு வந்தவரையே படம் எடுத்தார். எனக்குப் பிடித்த தகவல் இது.

பிப்ரவரி 8, மாலை 5.30

இனி 1962. கேள்வி கேட்டவர் ஒரு கோலைச் சொன்னார். சொல்ல வேண்டியவை மூன்று.

சிலி நாட்டின் அரிகா, ஜூன் 3, கொலம்பியாவுடன் ஆட்டம். 11 நிமிடத்துக்குள் சோவியத் அணி 3-0. 56-வது நிமிடத்தில் 4-1. 68-வது நிமிடத்தில் கொலம்பியாவின் மார்கோஸ் கோல் (Coll, அது அவர் பெயர்) எடுத்த கார்னர் தாழ்வாக வந்து, முதல் கம்பத்தருகே தரையில் குத்தி உள்ளே போனது. ஆண்கள் உலகக் கோப்பையில் கார்னரிலிருந்து நேரடியாக விழுந்த ஒரே கோல் இன்றுவரை அதுதான். அந்தக் கம்பத்தில் காவலுக்கு நின்றவர் பேக் சோக்கெலி. பந்து அவர் கால் வழியாகவே வந்தது. யாஷின் குரல் கொடுத்தார், தான் எடுப்பதாக யாஷின் சொல்கிறார் என்று எண்ணிய சோக்கெலி விலகிவிட்டார். ஆட்டம் 4-4.

ஜூன் 10, கால் இறுதி, அதே அரிகா, எதிரே சிலி. 11-வது நிமிடம் லியோனல் சாஞ்செஸ், இடப்பக்கத்து ஃப்ரீகிக், குறுகிய கோணம். 26-ல் சிஸ்லென்கோ சமன் செய்தார். 29-ல் எலாதியோ ரோஹாஸ் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தார். 2-1, சோவியத் அணி வெளியே.

சோவியத் மக்களுக்கு நேரலை கிடையாது. பத்திரிகையில் வந்ததுதான் ஆட்டம், அது யாஷின் தலையில் பழியைப் போட்டது. ஊர் திரும்பியதும் மைதானத்தில் அவர் பந்தைத் தொட்டாலே கூட்டம் சீட்டி அடித்தது. வீட்டு ஜன்னலை உடைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 32.

பிப்ரவரி 8, இரவு 8.15 (கேட்டவர்)

அப்படியானால் கார்னர் கோல் சோக்கெலியின் தவறுதானே?

பிப்ரவரி 9, காலை 6.50

இல்லை. நேற்று எழுதியது அப்படித் தொனித்தால் என் வாக்கியத்தின் குறை. கம்பத்தருகே நிற்பவர் கோலியின் குரலுக்கே காது கொடுக்க வேண்டும், அது விதி மாதிரி. அதனால்தான் குரல் குழப்பமில்லாமல் இருக்க வேண்டியது கோலியின் பொறுப்பு. 'நான்', 'நீ', 'வெளியே அடி' என்று மூன்றே சொல், பந்து கிளம்பின உடனே. கடைசி நொடியில் வந்தால் கேட்பவருக்கு யோசிக்க நேரமில்லை. பின்களத்தைக் குரலால் நடத்தும் கோலியிடம் உள்ள ஆபத்து இது. குரல் தவறினால் இரண்டு பேர் சேர்ந்து தவறுவார்கள்.

ரோஹாஸ் அடித்த கோலில் எனக்குச் சந்தேகமே இல்லை, அது யாஷின் தடுத்திருக்க வேண்டியது. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் பந்துக்குக் கால் நகர்த்த நேரம் இருந்தது, அவர் அசைந்தது தாமதம். சாஞ்செஸின் ஃப்ரீகிக்கைப் பற்றி இரண்டு பக்கமும் பேசலாம். கிராஸ் வரும் என்று ஓரடி உள்ளே நின்றார், நேராக வந்துவிட்டது. குறுகிய கோணத்து ஃப்ரீகிக்கில் எல்லாக் கோலிகளுக்கும் இருக்கும் இக்கட்டு அது.

அந்தத் தொடரில் அவர் தலையில் அடிபட்டபடி ஆடினார் என்பதையும் சேர்க்க வேண்டும். உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தது 1970-ல்தான். கோலிக்கு அடிபட்டால் அதே கோலி, இல்லாவிட்டால் கையுறை மாட்டிக்கொள்ளும் ஒரு ஃபார்வர்ட்.

பிப்ரவரி 11, இரவு 9.30

150 பெனால்டி. கட்டுரைக்குக் கட்டுரை திரும்ப வரும் எண். நான் இதை நம்பவில்லை, அதற்கான கணக்கு இது.

டைனமோவுக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 326. சோவியத் அணிக்காக 78. மொத்தம் 404. ஓர் அணிக்கு எதிராக ஏழு ஆட்டத்துக்கு ஒரு பெனால்டி என்று வைத்தால் 58. அதில் நாலில் ஒன்றைத் தடுத்தாலே பெரிய கோலி, அப்படியானால் 14 அல்லது 15. கோப்பை ஆட்டங்கள், நட்பு ஆட்டங்கள், சுற்றுப்பயணங்கள் எல்லாவற்றையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 30. 150 தடுக்க வேண்டுமானால், பாதிக்குப் பாதி தடுத்தாலும் 300 பெனால்டிகள் அவருக்கு எதிராகக் கிடைத்திருக்க வேண்டும். பயிற்சியில் தடுத்ததையும் எண்ணினால் ஒழிய அந்த எண் நிற்காது.

எண் பொய் என்பதால் திறமை பொய் ஆகாது. 1929 முதல் 1997 வரை பெனால்டி அடிக்கும் வரை கோலி கோட்டில் காலை அசைக்காமல் நிற்க வேண்டும் என்பது விதி. பக்கவாட்டில் ஆடி அடிப்பவரைக் குழப்புவதற்கும் வழியில்லை. மிச்சமிருப்பது அடிப்பவரின் ஓட்டத்தையும் ஊன்றுகாலையும் படிப்பது. ஊன்றுகால் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ பெரும்பாலும் பந்து அந்தப் பக்கம். அதைப் பார்த்தபின் கிளம்ப அரை நொடிகூடக் கிடைக்காது. 1958-ல் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் புசெக், 1963 நவம்பரில் ரோமில் இத்தாலியின் சாண்ட்ரோ மசோலா, இருவரின் பெனால்டியையும் யாஷின் தடுத்தார். இரண்டும் பெரிய ஆட்டங்கள். ரோம் ஆட்டம் 1-1-ல் முடிய, இத்தாலி 1964 ஐரோப்பியக் கோப்பையிலிருந்து வெளியேறியது. அந்த இரண்டு போதும், 150 தேவையில்லை.

பிப்ரவரி 12, காலை 7.05

திருத்தம். நேற்று 78 என்று போட்டேன். 78, 74 என்று இரண்டு எண்களும் புழங்குகின்றன. எந்த ஆட்டத்தை முழுச் சர்வதேச ஆட்டமாக ஏற்பது என்பதில் வரும் வேறுபாடு அது. 74 என்று வைத்தால் நேற்றைய கணக்கில் 58 என்பது 57 ஆகும், முடிவு மாறாது.

பிப்ரவரி 14, இரவு 10.40

1962-ல் சீட்டி அடித்த கூட்டம் 1963-ல் என்ன பார்த்தது என்பதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

அந்த ஆண்டு லீக்கில் யாஷின் 27 ஆட்டங்கள் ஆடி விட்ட கோல்கள் 6. ஆறுதான், எழுத்துப்பிழை இல்லை. டைனமோ பட்டம் வென்றது, அவருக்கு அது ஐந்தாவது (1954, 1955, 1957, 1959, 1963). அக்டோபர் 23-ல் வெம்பிளியில் இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் நூற்றாண்டு ஆட்டம், இங்கிலாந்துக்கு எதிராக மீதி உலகம். முதல் பாதி யாஷின், கோல் எதுவும் விடவில்லை. ஜிம்மி கிரீவ்ஸ் மட்டுமே பலமுறை அருகிலிருந்து அடித்துப் பார்த்தார். இரண்டாம் பாதியில் யூகோஸ்லாவியாவின் ஷோஷ்கிச் வந்தார், இங்கிலாந்து 2-1 என்று வென்றது. அடுத்த மாதம் மசோலா. ஆண்டு முடிவில் பாலன் டி ஓர், இரண்டாம் இடத்தில் ஜியானி ரிவேரா. வேறெந்தக் கோலிக்கும் அது இன்றுவரை கிடைக்கவில்லை. 2019 முதல் சிறந்த கோலிக்குத் தனியாகக் கொடுக்கும் விருதுக்கு யாஷின் பெயரே வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 15, மாலை 4.15

முன்னே வந்து ஆடியதில் யாஷின்தான் முதல் ஆள் என்று நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. 1953-ல் வெம்பிளியில் 6-3 என்று வென்ற ஹங்கேரியின் கோலி க்ரோசிச் அப்படியே ஆடினார், அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் கோலி அமதெயோ கரீசோவும் அப்படித்தான். காலம் அந்த ஆட்டத்தைக் கேட்டது, பல ஊர்களில் ஒரே சமயத்தில் பதில் கிடைத்தது. யாஷின் அதை நாலு உலகக் கோப்பைகளின் காலத்துக்கு நீட்டினார். அதில் நான்காவதான 1970-ல் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தார்.

நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் அரை இறுதியில் இந்தியா 1-4 என்று யூகோஸ்லாவியாவிடம் தோற்றது. அதே யூகோஸ்லாவியாவை இறுதியில் சோவியத் அணி 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது, கோலில் யாஷின். அந்த இந்திய அணியில் இருந்த கோலி பீட்டர் தங்கராஜ், மெட்ராஸ் ரெஜிமென்டில் சென்டர் ஃபார்வர்டாகத் தொடங்கிக் கோலியானவர். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே நுழைத்தால் இரண்டு பேருக்கும் நியாயம் கிடைக்காது.

பிப்ரவரி 18, காலை 6.30

முதல் குறிப்பின் கோணக் கணக்கைத் திரும்பப் படித்தேன். ஒரு பாதியை மட்டுமே சொல்லியிருக்கிறேன். 6 மீட்டர் முன்னே வந்தால் தலைக்கு மேல் தூக்கிப் போடுவார்களே என்று யாரும் கேட்காதது ஆச்சரியம்.

அந்தக் காலத்துக் கனத்த பந்து தரையில் உருளும்போது அதைக் கிண்டித் தூக்குவது கடினம், நனைந்திருந்தால் இன்னும் கடினம். கோலியின் கைக்கு மேல் ஏறி, அடுத்த 6 மீட்டருக்குள் 2.44 மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டும். பந்து துள்ளிக்கொண்டிருந்தால் கதை வேறு, துள்ளும் பந்தைத் தூக்கிவிடுவது சுலபம். ஆகவே முன்னே வருவதற்கு நேரம் பார்க்க வேண்டும். ஃபார்வர்ட் பந்தை ஒருமுறை தட்டிவிட்டுக் குனிந்து பார்க்கும் கணத்தில் ஓட வேண்டும், அவர் நிமிரும்போது நின்றிருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஷாட் வந்தால் இரண்டு பக்கமும் போக முடியாது. யாஷினின் ஓட்டம் சின்னச் சின்ன அடிகளாக இருப்பது அதனால்தான்.

பந்தைப் பிடித்தபின் நடப்பதும் விட்டுப்போனது. பந்தைக் கையில் வைத்து நாலடிக்கு மேல் நடக்கக் கூடாது, தரையில் தட்டிக்கொண்டே போகலாம் என்பது அன்றைய விதி. மற்ற கோலிகள் பாக்ஸ் விளிம்புவரை தட்டிப் போய் வானத்துக்கு உதைப்பார்கள். அந்தப் பந்து இறங்குவதற்குள் எதிரணி திரும்பி நின்றுவிடும். யாஷின் பிடித்த உடனே, கூட்டம் பாக்ஸுக்குள் இருக்கும்போதே, தோளுக்கு மேலிருந்து வீசி விங் பக்கம் ஓடும் ஆளுக்குக் கொடுப்பார். எதிரணியின் ஆறு பேர் பந்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார்கள். தடுத்ததை விட இதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

பிப்ரவரி 20, இரவு 9.00

1966 உலகக் கோப்பை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமாக: வட கொரியா, சிலி ஆட்டங்களில் கோலில் கவசாஷ்விலி, மற்ற நான்கில் யாஷின். இத்தாலி 1-0, ஹங்கேரி 2-1, அரை இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் 1-2, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் போர்ச்சுகலிடம் 1-2. நான்காம் இடம், சோவியத் அணி உலகக் கோப்பையில் எட்டிய உச்சம். அரை இறுதியில் சிஸ்லென்கோ வெளியேற்றப்பட்டுப் பத்து பேருடன் ஆடினார்கள். பெக்கன்பவர் பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்த கோலில் யாஷின் அசையவில்லை என்று குறை சொல்வார்கள். 36 வயதில் கால் ஒரு கணம் பிந்தியது உண்மை. கோணம் பார்த்து நிற்கும் கோலிக்கு முன்னால் ஆட்கள் மறைத்தால் கோணமும் உதவாது என்பதும் உண்மை.

பிப்ரவரி 23, மாலை 6.45

கேட்டவருக்கு. எந்த ஆட்டத்தைப் பார்ப்பது என்கிறீர்கள். 1963 வெம்பிளி, முதல் பாதி. துண்டுகள் வேண்டாம், கிடைத்தால் முழு 45 நிமிடமும் பாருங்கள், துண்டில் பந்து கோலுக்கு வந்தபின்தான் கேமரா அவரிடம் போகும். பந்து நடுத்திடலில் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். பெனால்டி புள்ளியருகே, சில சமயம் அதையும் தாண்டி. இங்கிலாந்து இடப்பக்கம் ஏறினால் அவரும் இடப்பக்கம் நகர்கிறார், கை ஒரு பேக்கைக் காட்டுகிறது, வாய் மூடவே இல்லை. அடுத்து 1958-ல் பிரேசிலுடன் முதல் மூன்று நிமிடங்கள். கரிஞ்சா அடித்தது கம்பத்தில், பெலே அடித்ததும் கம்பத்தில், பிறகு வாவா கோல். அந்த வேகத்தில் தொடங்கிய ஆட்டம் 2-0-ல் எப்படி நின்றது என்று பாருங்கள், பார்த்தபின் எண்ணிச் சொல்லுங்கள் எத்தனை தடவை பாய்ந்தார் என்று.